அண்ணா அனுப்பிய கிறீன் ரீயும் அம்மாவின் வருத்தமும்

முள்ளியவளையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அம்மாவுக்கு அறுபது வயது. மார்பகப் புற்றுநோய்க்குத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சையும் மருந்தேற்றலும் முடிந்து, இப்போது வருத்தம் திரும்பி வராமலிருக்கக் கொடுக்கும் தமொக்சிபென் குளிசை எடுத்துக்கொண்டிருக்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா இரண்டு பெட்டி கிறீன் ரீயும், அதன் சாறு அடைத்த குளிசைப் போத்தல் ஒன்றும் அனுப்பியிருக்கிறார். கிறீன் ரீ குடித்தால் வருத்தம் திரும்பி வராதா, 36 வயதான எனக்கும் வராமல் தடுக்குமா, அந்தக் குளிசையை அம்மா போடலாமா என்பவைதான் அவருடைய கேள்விகள்.

குறுகிய பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா கிறீன் ரீயைத் தேத்தண்ணியாக நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை குடிப்பதில் பிழையில்லை. ஆனால் அது புற்றுநோயைத் தடுக்கும், திரும்பி வராமல் மறிக்கும் என்று சொல்ல இன்றுவரை உறுதியான சான்று கிடையாது. அந்தக் குளிசைப் போத்தலை மட்டும் திறக்க வேண்டாம். அடுத்த கிளினிக் நாளில் கிளினிக் கொப்பியோடு சேர்த்துக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இனி ஏன் என்று சொல்கிறேன். நான் வன்னியில் முப்பது வருடத்துக்கு மேல் அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராக இருந்தவன். மருந்து கொடுக்கும் யன்னலில் நின்றபடி இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பார்சல் வரத் தொடங்கிய பிறகு இன்னும் அதிகம்.

கிறீன் ரீ ஏதோ தனி மூலிகை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நாங்கள் காலையில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் பிளேன்ரீயும் அதுவும் ஒரே செடியின் கொழுந்துதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் நட்ட அதே தேயிலைச் செடி. வித்தியாசம் தொழிற்சாலையில் வருகிறது. கறுப்புத் தேயிலைக்குக் கொழுந்தை வாடவிட்டு, அரைத்து, காற்றுப்பட வைப்பார்கள். இலையிலுள்ள நொதியம் வேலை செய்து இலை செம்பு நிறமாகும். கிறீன் ரீக்கு, கொழுந்து வந்த கையோடு ஆவியிலோ சூடான தட்டிலோ காட்டி அந்த நொதியத்தை அடக்கிவிடுவார்கள். அதனால் கட்டெச்சின் என்ற பொருட்கள் மாறாமல் இலையிலேயே தங்கிவிடுகின்றன. கறுப்புத் தேயிலையில் அவை உருமாறி, சாயமாகவும் நிறமாகவும் இறங்குகின்றன. கட்டெச்சின்களில் அதிகம் ஆராயப்பட்டதை ஈஜிசிஜி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். புற்றுநோயைப் பற்றிய பேச்செல்லாம் இந்த ஈஜிசிஜியைச் சுற்றித்தான்.

1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து தருமபுரம் பக்கம் குடியேறிய ஒரு அம்மாவுக்கு இதை ஒருநாள் விளங்கப்படுத்தினேன். பேத்தி வாங்கிக்கொடுத்த கிறீன் ரீப் பெட்டியைக் கையில் வைத்திருந்தார். “இந்தக் கொழுந்தத்தானேங்க ஐயா நான் பதினாறு வருசம் கிள்ளுனேன்” என்று பெட்டியிலிருந்த படத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவரைப் பற்றிப் பிறகும் சொல்ல இருக்கிறது.

சரி, இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? அது வெறும் விளம்பரமில்லை. ஆய்வுகூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்க் கலங்களின் மேல் ஈஜிசிஜியை விட்டால் அவற்றின் வளர்ச்சி தடைப்படுகிறது, பல கலங்கள் சாகின்றன. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பல ஆய்வுகளிலும் கட்டிகள் குறைந்தன. இவை உண்மையான ஆய்வுகள். ஆனால் தட்டில் விடும் அளவு என்ன, எங்கள் இரத்தத்துக்கு வந்து சேரும் அளவு என்ன என்று பார்க்க வேண்டும். குடித்த கட்டெச்சினில் சிறு பங்குதான் குடலால் உறிஞ்சப்படுகிறது. அதையும் ஈரல் விரைவாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. ஆய்வுகூடத்தில் வழக்கமாகப் பயன்படுத்தும் செறிவு, சில கோப்பை குடித்தவரின் இரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை அதிகம். கிணற்றுக்குக் குளோரின் போட வரும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா தண்ணீரின் அளவைப் பார்த்துத்தான் போடுவார். ஒரு கிணற்றுக்குப் போடும் குளோரினை இரணைமடுக் குளத்தில் கொட்டினால் என்ன நடக்கும்? அதுபோலத்தான் இதுவும்.

ஆகவே மனிதர்களைத்தான் பார்க்க வேண்டும். கிறீன் ரீயைத் தண்ணீர்போலக் குடிக்கும் நாடு யப்பான். அங்கே மியாகி மாகாணத்தில் 26,000க்கும் அதிகமானவர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. நாளுக்கு ஐந்து கோப்பையும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்கும் வயிற்றுப் புற்றுநோய் குறையவில்லை. அதே மாகாணத்தில் 40,530 பேரைத் தொடர்ந்த இன்னோர் ஆய்வு 2006இல் வந்தது. அதில் ஒரு நல்ல செய்தி இருந்தது. ஐந்து கோப்பையும் அதற்கு மேலும் குடித்தவர்களிடையே இருதய, இரத்தக்குழாய் நோய்களால் வரும் இறப்பு குறைவாக இருந்தது. புற்றுநோய் இறப்பில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. கிறீன் ரீயை விற்பவர்கள் இந்த ஆய்வின் முதற்பாதியைச் சொல்வார்கள், இரண்டாம் பாதியை விட்டுவிடுவார்கள்.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து எடைபோடுவதற்கென்று கொக்ரேன் என்ற அமைப்பு இருக்கிறது. மருந்து நிறுவனங்களின் காசில் நடப்பதல்ல. அவர்கள் 2009இல் ஒரு தடவை பார்த்தார்கள். பிறகு 2020இல் 142 ஆய்வுகளை, 11 இலட்சத்துக்கும் அதிகமானவர்களின் தகவலோடு பார்த்தார்கள். முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, கிறீன் ரீ புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் அவர்களின் தீர்ப்பு. அந்த 142இல் 11 மட்டுமே ஒரு பகுதியினருக்குக் கொடுத்து, மற்றப் பகுதியினருக்குக் கொடுக்காமல் சோதித்தவை. மிச்சம் 131உம் மக்கள் என்ன குடிக்கிறார்கள், என்ன நோய் வருகிறது என்று கவனித்தவை.

கவனித்துப் பார்க்கும் ஆய்வில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சி ரவுணில் கிறீன் ரீ வாங்குபவர் யார்? பெரும்பாலும் விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி நடப்பவர், சிகரெட் தொடாதவர், மாதாமாதம் சீனி அளந்து பார்ப்பவர். அவருக்குப் புற்றுநோய் வராவிட்டால் அந்தப் பெருமை தேயிலைக்கா, நடைக்கா, சிகரெட் இல்லாததற்கா? கணக்குப் போட்டுப் பிரிக்கப் பார்ப்பார்கள், ஆனால் முழுதாகப் பிரிக்க முடியாது.

பிரித்துச் சோதித்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது இத்தாலியில் நடந்தது. சுக்கிலச் சுரப்பியில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்த 60 ஆண்களில் பாதிப்பேருக்குக் கட்டெச்சின் குளிசையும் பாதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் ஒரு வருடம் கொடுத்தார்கள். வெறும் குளிசை எடுத்த 30 பேரில் 9 பேருக்குப் புற்றுநோய் வந்தது, கட்டெச்சின் எடுத்தவர்களில் ஒருவருக்குத்தான் வந்தது. 2006இல் இதை வாசித்தபோது எனக்கே நெஞ்சு துள்ளியது. ஆனால் அமெரிக்காவில் 97 ஆண்களை வைத்துப் பிறகு நடத்திய சோதனை 2015இல் வந்தபோது, இரு பகுதியினருக்கும் இடையில் நம்பக்கூடிய வித்தியாசம் கிடைக்கவில்லை. சிறிய ஆய்வு ஒன்றில் கிடைத்த பெரிய வெற்றி அடுத்த ஆய்வில் காணாமற்போவதை மருத்துவத்தில் அடிக்கடி பார்க்கிறோம். அதனால்தான் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்துக்கொண்டு மருந்தை மாற்றக்கூடாது என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறோம்.

தங்கச்சி, உங்கள் அம்மாவின் வருத்தத்துக்கு நேரடியாகப் பொருந்துவது இதுதான். அமெரிக்காவில் மினசோட்டாவில் மாதவிடாய் நின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஒரு சோதனை நடந்தது. மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து கூடியவர்கள் அவர்கள், மார்பகப் படத்தில் இழையம் அடர்த்தியாகத் தெரிந்தவர்கள். ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 800 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமான ஈஜிசிஜி உள்ள குளிசை ஒரு வருடம் கொடுத்தார்கள். மார்பக அடர்த்தி மொத்தத்தில் குறையவில்லை. மாறாக, குளிசை எடுத்தவர்களில் நூற்றுக்கு 6.7 பேருக்கு, ஈரல் பாதிப்பைக் காட்டும் ஈரல் நொதியம் இரத்தத்தில் கவனிக்கவேண்டிய அளவுக்கு ஏறியது. வெறும் குளிசை எடுத்தவர்களில் அது 0.7 மட்டுமே.

இதனால்தான் போத்தலைத் திறக்க வேண்டாம் என்றேன். கோப்பையில் குடிப்பவர்கள் நாள் முழுவதும் குடித்தாலும் பெரும்பாலும் 90 முதல் 300 மில்லிகிராம் ஈஜிசிஜிதான் உள்ளே போகும். அதுவும் சாப்பாட்டுக்கு நடுவிலும் பிறகுமாக, கொஞ்சம் கொஞ்சமாக. குளிசையில் அதைவிட அதிகமாக ஒரே தடவையில், சில நேரம் வெறும் வயிற்றில் போகலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் இதை ஆராய்ந்து, நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் குளிசையாக எடுத்தால் ஈரலுக்குப் பாதிப்பின் அறிகுறி தெரிகிறது என்று எச்சரித்தது. அம்மா எடுக்கும் தமொக்சிபென்னும் சிலருக்கு ஈரலைத் தொடக்கூடிய மருந்து. நாளைக்கு இரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவு ஏறியிருந்தால், எதனால் ஏறியது என்று தெரியாமல் தேவையான மருந்தை நிறுத்தவேண்டி வரும். தேவையான மருந்து தமொக்சிபென், அண்ணா அனுப்பியதல்ல.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லவேண்டும், வேறு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களும் இதை வாசிக்கக்கூடும். மைலோமா என்ற எலும்புமச்சைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் போட்டெசொமிப் ஊசி மருந்தை ஈஜிசிஜி பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுக்கிறது என்று 2009இல் ஆய்வுகூடத்திலும் எலிகளிலும் கண்டார்கள். புற்றுநோய்க்கு எதிரானது என்று குடிப்பது புற்றுநோய் மருந்துக்கே எதிராக நிற்கலாம். அதனால் எந்தச் சாறு, எந்தக் குளிசை, எந்தக் கஷாயம் என்றாலும் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று பயந்து மறைத்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு நிமிட ஏச்சு பெரிய விஷயமே இல்லை.

கிறீன் ரீயிலிருந்து மருந்தே வரவில்லையா என்று கேட்டால், வந்திருக்கிறது. 2006இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதன் சாற்றில் செய்த ஒரு பூச்சு மருந்தை அனுமதித்தது. பிறப்புறுப்பில் வரும் ஒருவகை மருவுக்குத் தோலில் பூசுவதற்கு. அதே நிர்வாகம்தான் அதற்கு முந்தைய வருடம், கிறீன் ரீ மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் குறைப்பது பெரும்பாலும் சாத்தியமில்லை என்று சொன்னது.

இனித் தேயிலையை விட்டுச் சூட்டுக்கு வருகிறேன். எந்தத் தேயிலை என்பதைவிட எவ்வளவு கொதியில் குடிக்கிறோம் என்பதற்குத்தான் வலுவான சான்று இருக்கிறது. ஈரானின் கோலஸ்தான் மாகாணத்தில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிக அதிகம். அங்குள்ளவர்கள் சிகரெட்டும் மதுவும் குறைவு, கறுப்புத் தேத்தண்ணி நிறையக் குடிப்பார்கள், கொதிக்கக் கொதிக்கக் குடிப்பார்கள். 2009இல் வந்த ஆய்வின்படி, தேத்தண்ணியை ஊற்றி இரண்டு நிமிடத்துக்குள் குடிப்பவர்களுக்கு அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, நான்கு நிமிடமாவது ஆறவிட்டுக் குடிப்பவர்களைவிட ஐந்து மடங்குக்கும் அதிகம். அதே இடத்தில் 50,000 பேரைத் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வும் அந்தப் பக்கமே நின்றது. 60 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் நாளுக்கு 700 மில்லிலீற்றருக்கு மேல் குடித்தவர்களுக்கு ஆபத்து 90 சதவீதம் கூடுதல். இடையில் 2016இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் எந்தப் பானமும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. பிழை தேயிலையில் இல்லை. திரும்பத் திரும்பச் சுட்டுப் புண்ணாகும் தொண்டையிலும் உணவுக்குழாயிலும்தான் ஆபத்து தொடங்குகிறது.

வன்னியில் இதைக் கவனிக்காமல் விடமுடியாது. அருவி வெட்டு நேரம் வயலுக்குச் சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி போகும். முல்லைத்தீவுக் கடற்கரையில் விடியக் கரைசேர்ந்த ஆட்கள் கேத்திலிலிருந்து ஊற்றிய கையோடு ஒரே மடக்கில் இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். குளிருக்கு அது இதமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஊற்றி வைத்துவிட்டு, வலையை ஒருக்கால் உதறிப்போட்டு வந்து குடியுங்கள். அந்த நாலு ஐந்து நிமிடத்துக்குக் காசும் இல்லை, பார்சலும் தேவையில்லை. கிறீன் ரீக்கும் இதே கதைதான். கொதிதண்ணீரில் போட்டுக் கொதிக்கக் குடித்தால் கட்டெச்சின் உங்களைக் காப்பாற்றாது.

இரும்புச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கர்ப்பிணி ஒருவர், ஐந்து மாதம். மாதாமாதம் இரும்புக் குளிசை வாங்கிக்கொண்டு போவார், ஹீமோகுளோபின் ஏறவேயில்லை. வைத்தியருக்கும் குழப்பம். கடைசியில் நான் யன்னலால் கேட்டேன், குளிசையை எதோடு விழுங்குறீங்கள் என்று. “தேத்தண்ணியோடதான் அண்ணை, வெறும் தண்ணியோட ஓங்காளிக்குது” என்றார். தேயிலையில் உள்ள பொருட்கள், பச்சையோ கறுப்போ, இரும்பைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சவிடாது. தேசிக்காய்த் தண்ணியோடு விழுங்கச் சொன்னோம். இரண்டு மாதத்தில் ஏறியது. உங்கள் அம்மாவுக்கும் மருந்தேற்றலுக்குப் பிறகு இரத்தம் குறைந்திருக்கலாம். அதனால் சாப்பாட்டோடும் குளிசையோடும் எந்தத் தேத்தண்ணியும் வேண்டாம். ஒரு மணித்தியாலம் கழியட்டும்.

தருமபுரத்து அம்மாவிடம் திரும்பி வருகிறேன். அன்றைக்கு அவர் சிரித்தபோது வாய் முழுதாகத் திறக்கவில்லை. இரண்டு விரல் போகும் அளவுக்குத்தான் திறந்தது. கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு படலம். மலையில் கொழுந்து கிள்ளிய காலத்திலிருந்து வெற்றிலை, பாக்கு, புகையிலை. பசியும் தெரியாது, குளிரும் தெரியாது என்று போடத் தொடங்கியது, இங்கே வந்தும் விடவில்லை. “வெத்தில சூட்டுக்கு இது குடிச்சா சரியாயிடும்னு பேத்தி சொல்லுச்சு” என்று கிறீன் ரீப் பெட்டியைக் காட்டினார். நான் துண்டு எழுதக் காத்திருக்கவில்லை. கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் பல் வைத்தியரிடம் இருத்தினேன். சிறு துண்டு வெட்டிப் பரிசோதித்தார்கள். தொடக்க நிலைப் புற்றுநோய். தெல்லிப்பழைக்குப் போனார், வெட்டினார்கள், கதிர் கொடுத்தார்கள். போன தைப்பொங்கலுக்கு என் வீட்டுப் படலையில் வந்து நின்றார், கையில் மோதகப் பெட்டி.

பாக்கு தனியாகவே, புகையிலை சேராவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இலேயே உலக சுகாதார அமைப்பின் அதே புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்பதற்கு அதுதான் பெரிய காரணம். வெற்றிலைத் தட்டை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு மறுபக்கம் கிறீன் ரீ குடிப்பதில் பயனில்லை. தங்கச்சி, உங்கள் வீட்டில் யாராவது போடுகிறவர்கள் இருந்தால், இன்றைக்கே கைவிளக்கைப் பிடித்து வாயைப் பாருங்கள். ஆறாத புண், வெள்ளைப் படலம், சிவந்த படலம், வாய் திறக்கக் கஷ்டம் இவற்றில் ஒன்றிருந்தாலும் பல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இப்போது உங்களுக்கு. அம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். அதற்குக் கிறீன் ரீ மருந்தல்ல. 35 வயதான பெண்களுக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் வெல் வுமன் கிளினிக் நடக்கிறது. அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாள் சொல்வார். உங்களுக்கு 36 என்றால் ஏற்கெனவே அழைப்பு வந்திருக்கும், வெட்கத்தில் விட்டிருப்பீர்கள். போங்கள். அம்மாவின் வருத்தத்தை மறைக்காமல் சொல்லுங்கள், எந்த வயதில் வந்தது, குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்பதையும். வீட்டில் மகள் இருந்தால், ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் போடும் எச்.பி.வி. தடுப்பூசியைத் தவறவிட வேண்டாம். 2017 முதல் நாடு முழுவதும் போடுகிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் என்று சான்றோடு சொல்லக்கூடியது அது.

கிறீன் ரீயால் ஒரு நன்மையை நான் மறுக்கமாட்டேன். அம்மா மூன்று கரண்டி சீனி போட்டு நாளுக்கு ஐந்து தேத்தண்ணி குடிப்பவர் என்றால், அதில் மூன்றைச் சீனியில்லாக் கிறீன் ரீயாக மாற்றினால் ஒன்பது கரண்டி சீனி குறையும். மாதவிடாய் நின்ற பிறகு உடம்பு பெருப்பது மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு காரணம். அந்த வழியில் அது உதவும். ஆனால் சீனியில்லாப் பிளேன்ரீயும் அதே உதவியைச் செய்யும்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுத ஒரு காரணம் இருக்கிறது. யுத்தத்தில் ஏ9 வீதி பூட்டியிருந்த காலத்தில் இங்கே மார்பில் கட்டியோடு வந்த பெண்களை நான் கண்டிருக்கிறேன். மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகப் பாதையில்லை, பாஸில்லை. கையில் கொடுக்க என்னிடம் வலிக் குளிசைதான் இருந்தது. அவர்கள் கிடைத்த இலையையெல்லாம் அவித்துக் குடித்தார்கள், வேறு வழியில்லாததால். இப்போது பாதை இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை சனம் நடந்து சேர்த்த காசில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பியிருக்கிறது. அப்படியிருக்க, “ஆறு மாதம் கிறீன் ரீ குடித்துப் பார்த்துவிட்டுப் போவோம்” என்று கட்டியோடு வீட்டில் இருப்பவர்களைக் காணும்போது என்னால் பொறுக்க முடியவில்லை.

அண்ணாவுக்கு இன்றைக்கு ஒரு செய்தி போடுங்கள். தேயிலை வந்தது, அம்மா குடிக்கிறார், அன்புக்கு நன்றி என்று சொல்லுங்கள். குளிசை மட்டும் இனி வேண்டாம். முள்ளியவளையிலிருந்து தெல்லிப்பழைக்குக் கிளினிக் நாளில் அம்மா விடியப்புறம் பஸ் ஏறி, மாறி ஏறி, நின்றுகொண்டு போகிறார் அல்லவா? அந்தக் காசுக்கு அன்றைக்கு ஒரு வான் பிடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.